வலது கை

கையை எடுத்தால் போதும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. கத்தியைத் தொட வேண்டாம், ஊசி போட வேண்டாம், கோபமாக ஒரு வார்த்தை சொல்லக்கூட வேண்டாம். முழங்கையைக் கொஞ்சம் மடக்கினால், தோளின் பாரம் கொஞ்சம் பின்னால் போனால், மூக்கு அரிக்கிறது என்று கையைத் தூக்கினால் முடிந்தது. யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். ரத்தம் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

மலை மேல் இருந்த கல்குவாரியின் முதலுதவி அறை அது. தகரக் கூரை, ஒற்றைக் கதவு, இரண்டு கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. அவள் அங்கே நர்ஸ். டாக்டர் என்பவர் கீழே நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போனில் வரும் ஒரு குரல் மட்டுமே. கட்டிலில் கிடத்தினால் மெத்தை அமுங்கி அழுத்தம் வீணாகிறது என்று அவனைத் தரையில் இறக்கியிருந்தாள். துளைபோடும் ஆட்களில் ஒருவன். உயரத்தை வைத்து எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். தரையில் கிடந்தபோது அவன் தலை மருந்து அலமாரியையும் கால்கள் கதவையும் எட்டின. வயிறும் தொடையும் சேரும் மடிப்பில் யாரோ மண்வெட்டியை இறக்கியிருந்தார்கள். காயத்துக்குள் காஸ் துணியைச் சுருள் சுருளாகத் திணித்து, அதன்மேல் வலது முஷ்டியை வைத்து, கையை நேராக நீட்டி, முழங்காலிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கியிருந்தாள். வெட்டு கொஞ்சம் கீழே தள்ளி விழுந்திருந்தால் அதற்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். இந்த இடத்தில் கட்டுவதற்கு மேலே கால் இல்லை. கைதான் கட்டு.

ஒரே ஒரு முறை ஆம்புலன்ஸ் டிரைவர் கை மாற்றிப் பார்த்தார். அவள் கை விலகி அவர் கை பதியும் அந்தச் சின்ன இடைவெளியில் ரத்தம் பீறிட்டு அலமாரிக் கண்ணாடி வரை அடித்தது. அதை டாக்டரிடம் போனில் சொன்னாள். இனிமேல் கை மாற்றாதீர்கள், இங்கே மேசையில் படுக்க வைக்கும்வரை அது உங்கள் கையாகவே இருக்கட்டும் என்றார். வைத்த கையை எடுக்கக் கூடாது. இந்த வேலையில் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற விஷயம் அது. அப்போது அவளுக்கு அது கையைப் பற்றிய பாடமாகத்தான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வெளியே நிற்கிறது. ஆனால் சண்டை ஆரம்பித்ததுமே யாரோ பாதையில் பாறைகளை உருட்டிவிட்டிருந்தார்கள். அவற்றைத் தள்ள லோடரைக் கொண்டு வருகிறேன் என்று டிரைவர் போயிருக்கிறார். கூரைமேல் கற்கள் விழுந்துகொண்டிருந்தன. சின்னக் கல் விழுந்தால் தகரம் சிணுங்கியது. பெரிய கல் விழுந்தால் அறையே ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது போலிருந்தது. வெளியே இருந்தவர்கள் கிரஷர் ஆட்கள், கல்லை நொறுக்கும் இயந்திரத்தில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு நெட்டை வேண்டும். உயிரோடு வேண்டும், கொஞ்ச நேரத்துக்கு.

சண்டை தண்ணீரில்தான் ஆரம்பித்தது. மேலே ஏறி வருவது ஒரே ஒரு டேங்கர். துளைபோடும் இயந்திரத்துக்கும் தண்ணீர் வேண்டும், கிரஷரில் கிளம்பும் தூசியை அடக்கவும் தண்ணீர் வேண்டும். ரொம்ப நாளாகவே கிரஷர் ஆட்கள் தூசியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவளிடம் வந்து இருமிக் காட்டுவார்கள். இருமலுக்கு அவளிடம் மருந்து உண்டு, தூசிக்குத்தான் ஒன்றுமில்லை. இன்று மத்தியானம் டேங்கர் வந்து நின்றதும் ஒருவன் குழாயைப் பிடுங்கினான், இன்னொருவன் பிடுங்கினவன் கையை மிதித்தான். அதற்குப் பிறகு தண்ணீரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி, கையில் அகப்பட்டது எல்லாமே ஆயுதம்தான். கிரஷரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்குக் கல்லை மென்று தூசியைத் துப்பிக்கொண்டிருக்க, அந்த வெள்ளை மூட்டத்துக்குள் ஆட்கள் ஒருவரை ஒருவர் அடித்தார்கள். ஹெல்மெட் நிறத்தை வைத்துத்தான் அங்கே ஆளை அடையாளம் காண்பார்கள். கிரஷருக்கு மஞ்சள், துளைபோடுகிறவர்களுக்கு நீலம். முதல் அடியிலேயே ஹெல்மெட்டுகள் உருண்டுவிட்டன. மிச்சமிருந்தது மாவு பூசிய முகங்கள் மட்டும்.

பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிப்போனபோது இரண்டு பேர் விழுந்து கிடந்தார்கள். மற்றவர்கள் தங்கள் தங்கள் காயத்தோடு நின்றுகொண்டோ ஓடிக்கொண்டோ இருந்தார்கள். நிற்கிறவனையும் கத்துகிறவனையும் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் கிடப்பவனிடம் முதலில் போக வேண்டும் என்பது முறை. முதலாவது ஆள் குப்புறக் கிடந்தான். புரட்டினாள். மண்டையின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. முகம் முழுக்கத் தூசியும் ரத்தமும் குழைந்து சிமெண்ட் பூசியது போலிருந்தது. தாடையைத் தூக்கி மூச்சு வழியைத் திறந்தாள். மூச்சில்லை. கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றும் தட்டவில்லை. ஒரே ஆள் இருவரைப் பார்க்கும்போது மூச்சில்லாதவனிடம் நிற்கக் கூடாது. உயிரில்லை என்பதற்கு அடையாளமாக மணிக்கட்டில் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு எழுந்து, ரத்தம் கொப்பளித்துக்கொண்டிருந்த இரண்டாவது ஆளிடம் போனாள். எல்லாமே சரியாகத்தான் செய்தாள். பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் கொடுப்பார்கள்.

டிரைவர் லோடரைத் தேடிக் கதவைத் திறந்து வெளியே போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். வராந்தாவில் கிடத்தியிருந்த அந்த முதல் ஆளின் மேல் போர்வை போட்டிருந்தார்கள். நீளம் போதாமல் ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஷூ எங்கோ கழன்று போயிருந்தது. சாம்பல் நிறக் காலுறை. குதிகாலில் ஓட்டையை நீல நூலால் தைத்திருந்தது.

அந்த நூல் இந்த அறையின் அலமாரியில் இருப்பது, காயம் தைக்கிற நூல். வீட்டில் கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் போன வாரம் அவள்தான் அந்த நூலைக் கொண்டு காலுறையைத் தைத்தாள். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டிருந்தாள், தோலைத் தைப்பது போலவே. அவள் தம்பி அந்தக் காலுறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றி வந்து, "ஆபரேஷன் சக்ஸஸ், பேஷண்ட் நல்லா இருக்காரு" என்று தன் பொண்டாட்டியிடம் காட்டினான். சின்ன வயதில் எலும்பும் தோலுமாக இருந்ததால் அவனுக்குக் குருவி என்று பேர். இப்போது எண்பது கிலோ இருப்பான். கிரஷரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

டிரைவர் கதவைச் சாத்திவிட்டார். அவள் கத்தவில்லை. கத்தினால் வயிறு இறுகும், தோள் தூக்கும், கை நகரும். அதைத்தான் முதலில் நினைத்தாள். தம்பி செத்துவிட்டான் என்பதை அதற்குப் பிறகுதான் நினைத்தாள். அந்த வரிசை அவளுக்கே பயமாக இருந்தது.

அப்போதிலிருந்து ஒரு கேள்வி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓடி வந்த மூச்சிரைப்பில் அவள் விரலே நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் வைத்த அந்த விரலுக்கு மெல்லிய துடிப்பு ஒன்று தெரியாமல் போயிருக்குமா? அந்த முகத்தைத் துடைத்துப் பார்த்திருந்தால், அது குருவி என்று தெரிந்திருந்தால், அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பாளா? எழுந்திருக்க மாட்டாள். அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அவன் மார்பில் இரண்டு கையையும் வைத்து விலா உடையும்வரை அழுத்திக்கொண்டே இருந்திருப்பாள். பக்கத்தில் இந்த நெட்டை ரத்தம் வடிந்து செத்திருப்பான். அவளைச் சரியாக நடந்துகொள்ள வைத்தது படிப்பல்ல, தூசி.

"சிஸ்டர்." நெட்டை கண்ணைத் திறந்திருந்தான். உதடு வெளுத்துப்போயிருந்தது. "உங்க கை ரொம்ப கனமா இருக்கு."

"பேசாத."

"காலைல கண்ணு கழுவினீங்களே. அப்ப லேசா இருந்துச்சு."

காலையில் இவனும் குருவியும் சேர்ந்துதான் வந்தார்கள். கண்ணில் கல்தூள். அவள் இமையைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது குருவி கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, இவ்வளவு உயரத்தில் இருக்கிற கண்ணுக்குத் தூசி எப்படிப் போச்சு, ஏணி வச்சு ஏறிச்சா என்று கேட்டான். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது என்றாலும் இவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள்.

"எனக்குத் தெரியல சிஸ்டர்," என்றான் நெட்டை. யாரும் கேட்காமலே பேசினான். "எல்லா மூஞ்சியும் வெள்ளையா இருந்துச்சு. மம்பட்டிய என் மேல எறக்கினான். நானும் சம்மட்டிய சுத்திட்டேன். விழுந்தப்புறம் 'டேய் நெட்டை'ன்னான். அப்பத்தான் தெரிஞ்சுது, அது அவன்னு."

அவள் அவன் முகத்துப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"விழுந்தப்புறம் பேசினானா?"

"ம்."

"விழுந்தப்புறமா?"

 அவன் கண் மூடிக்கொண்டது.

விழுந்த பிறகு பேசியிருக்கிறான். அப்படியென்றால் மூச்சு இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம்? அவள் படியிறங்கி ஓடும்வரையா? புரட்டிப்போடும்வரையா? விரல் வைத்தபோது? அவளுக்கு அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. உடம்பிலிருந்து ஏதோ வடிந்து போவது போலிருந்தது. வடிவது அவளிடமிருந்து அல்ல என்பது சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. விரல் இடுக்குகளில் சூடாக ஊறி, மணிக்கட்டைச் சுற்றி, தரையில் வழிந்தது. தோள் தளர்ந்திருந்தது. அவள் தளர்த்தினாளா, தானாகத் தளர்ந்ததா? தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு நேரம், இல்லை, அதைவிடக் கூடவே இருக்கும். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் முஷ்டியில் சாய்த்தாள். நெட்டை முனகினான். ரத்தம் நின்றது.

அப்போதுதான் கதவு உடைந்தது.

முதலில் உள்ளே வந்தவர் கிரஷர் மேஸ்திரி. கனத்த மனிதர். காதோரம் கிழிந்து சட்டையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். சின்னப் புண்ணுக்கெல்லாம் அவளிடம் வந்து, வலிக்காமல் கட்டுங்க சிஸ்டர் என்று குழந்தை போல முகத்தைச் சுளிக்கிறவர்கள். இப்போது ஒருவருக்கும் முகம் இல்லை. தூசிக்குள் கண் மட்டும் இருந்தது.

"தள்ளுங்க சிஸ்டர்," என்றார் மேஸ்திரி.

"தள்ள முடியாது. கைய எடுத்தா செத்துருவான்."

"அதுக்குத்தான வந்திருக்கோம்."

அவர் கடப்பாரையைத் தூக்கி நெட்டையின் முழங்காலில் இறக்கினார். உலர்ந்த குச்சி முறிவது போன்ற ஓசை எழுந்தது. நெட்டையின் உடம்பு மீன் போலத் துள்ளியது. அவள் அவன்மேல் கவிழ்ந்து விழுந்து, நெஞ்சை அவன் வயிற்றில் வைத்து, கை நழுவாமல் பிடித்துக்கொண்டாள். அவன் கத்தியது அவள் காதுக்குள்ளேயே நடந்தது. இரண்டாவது அடி அவனுக்குப் போட்டது, அவள் தோள்பட்டையில் விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது. அது தன்னுடைய கைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மேஸ்திரி பின்வாங்கினார். நர்ஸை அடித்துவிட்டது அவரையே திடுக்கிட வைத்திருந்தது. கடப்பாரையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

"சிஸ்டர், வெளிய கெடக்குறது யாருன்னு உங்களுக்குத் தெரியல. அது நம்ம குருவி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. நெட்டையின் சட்டைப் பொத்தான் ஒன்று அவள் கன்னத்தில் பதிந்திருந்தது. மேஸ்திரி காறித் துப்ப வாயெடுத்து, அறையின் தரையைப் பார்த்து, விழுங்கிக்கொண்டார். அது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. இந்தத் தரையில் துப்பக் கூடாது என்று அவள் சண்டை போட்ட நாட்கள் எத்தனையோ. அவர் வாசலில் நின்றிருந்தவர்களைப் பார்த்து, அவளைக் கூட்டிட்டு வாங்கடா, அவ சொன்னா கேப்பாங்க என்றார். எல்லோரும் வெளியே போனார்கள்.

வந்தவள் குருவியின் மனைவி. கேன்டீனில் சமையல் வேலை. அவளுடைய இரண்டு கையிலும் மாவு ஒட்டியிருந்தது, பிசைந்துகொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். மலைமேலிருக்கும் குவார்ட்டர்ஸில் அவர்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் சாப்பாட்டை மூடி வைத்திருப்பாள். தலைவலி என்று சொல்லாமலே தெரிந்துகொள்வாள். ஒரு நாளும் இவர்களுக்குள் குரல் உயர்ந்ததில்லை.

அவள் அழவில்லை. சுவரோரமாக வந்து உட்கார்ந்து நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு காயத்தைப் பார்த்தாள், பிறகு அதன்மேலிருந்த கையை. பார்வை அங்கேயே நின்றது. அந்தக் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எங்க வீட்ல சாப்பிட்டிருக்கான்," என்றாள்.

"ஆமா."

"போன வாரம்கூட. இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

நெட்டை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்கிறது என்று முஷ்டிக்கு அடியில் தெரிந்தது. துடிப்பு வேகமாகியிருந்தது. பயப்படும் ஒரு மனிதனை இவ்வளவு கிட்டத்தில் அவள் ஒருபோதும் தொட்டதில்லை.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி. குரல் சாதாரணமாக இருந்தது, உப்பு இருக்கா என்று கேட்பது போல. "அவர் மூஞ்சி பூரா தூசியா இருக்கு. அது அவர் மூஞ்சி மாதிரியே இல்ல. கீழ அத்தைக்கு ஆள் அனுப்பிருக்காங்க. அவங்க வந்து பாக்குறதுக்குள்ள தொடச்சு விடணும். எனக்குத் தொட பயமா இருக்கு. நீங்க எத்தனையோ பேருக்குத் தொடச்சிருக்கீங்க. எழுந்து வந்து ஒரு தடவ தொடச்சு விட்டுட்டுப் போங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

மேஸ்திரி நேராகக் கேட்டார். நேராகக் கேட்டதற்கு முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்தது. இவள் கேட்பது நியாயம். அக்கா தம்பியின் முகத்தைத் துடைப்பது. அதற்குள் இன்னொன்று இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. தெரியும் என்பதை மறைக்கவும் இவள் முயலவில்லை. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் வெறுப்பு இருந்திருந்தால்கூடத் தேவலை. கெஞ்சல்தான் இருந்தது. நமக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்ற கெஞ்சல். இன்று முடியாது என்றால் இனி அந்த வீட்டில் தட்டு மூடி வைத்திருக்காது. அம்மா இந்தக் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள்.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போய், அந்தக் கன்னத்தில் காய்ந்துபோன மண்ணை நனைத்து நனைத்து எடுத்து, அடியில் தம்பியைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் சொன்னது இருக்கட்டும், அவள் கண்ணால் பார்த்தது இன்னும் ஒரு காலுறையை மட்டும்தான். முகத்தைத் துடைத்தால் வேறு யாரோவாக இருக்கலாம். அப்படி நினைக்கக்கூட அவளுக்கு இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

கீழே எங்கோ லோடரின் உறுமல் கேட்டது. பாறை ஒன்று உருண்டு விழுந்தது. அல்லது கிரஷர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

வலது தோளிலிருந்து மணிக்கட்டுவரை மரத்துப்போயிருந்தது. அடிபட்ட இடது தோளைத் தூக்கினால் பல் கூசியது. இருந்தாலும் இடது கையை நீட்டி, தரையில் கிடந்த பொட்டலத்திலிருந்து காஸ் துணி ஒன்றை உருவினாள். தலைமாட்டில் இருந்த உப்புநீர் பாட்டிலை உள்ளங்கையால் சாய்த்து அதை நனைத்தாள். ஒரே கையால் பிழிய வரவில்லை. சொட்டச் சொட்ட அப்படியே தம்பி மனைவியின் பக்கம் நீட்டினாள்.

"நீ தொடச்சு விடும்மா," என்றாள். "தேய்க்காத. ஒத்தி ஒத்தி எடு. கண்ணோரத்துலேருந்து ஆரம்பி."

தம்பி மனைவி துணியைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து போகவும் இல்லை.

இடது கை நீண்டபடியே இருந்தது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் படிந்திருந்த வெண்தூசியில் சின்னச் சின்னக் குழிகளாக விழுந்தது. வலது கைக்கு அடியில் நெட்டையின் துடிப்பு, ஒரு சின்ன முட்டல், பிறகு ஒரு சின்ன முட்டல்.